சாவி யாரிடம் இருக்கிறது? பல்கலைக்கழக வளாகத்தில் புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களுக்கு ஓர் அவசரகால வழிகாட்டி

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்ச் மாதப் பிற்பகல். எங்கள் துறைக் கட்டடத்தின் இரண்டாம் தளத்தில் யு.பி.எஸ். பேட்டரிகள் இருந்த அறையிலிருந்து புகை கிளம்பியது. அதே தளத்தில் செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. மேற்குப் படிக்கட்டுப் பக்கம்தான் புகை. கிழக்குப் படிக்கட்டுக்குப் போகும் கிரில் கதவில் பூட்டு. சாவி காவலாளியிடம், காவலாளி நுழைவாயிலில். அவர் மூச்சிரைக்க ஓடிவந்து நீட்டிய கொத்தில் நாற்பதுக்கு மேல் சாவிகள். ஒன்றிலும் பெயர் இல்லை. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். பத்தைத் தாண்டிய பிறகுதான் ஒன்று திரும்பியது. அதுவரை என் முதுகுக்குப் பின்னால் மாணவிகள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு சத்தமே இல்லாமல் நின்றார்கள். அந்த அமைதியை என்னால் மறக்க முடியவில்லை.

உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் ஆய்வக உதவியாளர் ஒருவருக்குக் கை வெந்துபோனது. அவருக்குச் சேர வேண்டிய பணம் வந்து சேர ஒன்றரை ஆண்டு ஆனது. தீயணைப்பு வண்டி முதன்மை வாயிலின் வளைவுக்குள் நுழைய முடியாமல் பின்வாயிலுக்குச் சுற்றிக்கொண்டு வந்தது. ஒரு துறை அலுவலகத்தின் கண்காணிப்பாளராக இந்த மூன்றுக்கும் நான் பின்னால் அலைந்தேன்: பூட்டு, வாயில், பணம். தமிழ்நாட்டில், குறிப்பாகச் சென்னை போன்ற மழை வெள்ளம் சூழும் ஊரில், பல்கலைக்கழகத்திலோ கல்லூரியிலோ புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். வெளியிலிருந்து உதவி வரும்வரை கட்டடத்தில் இருப்பவர்கள்தான் எல்லாமும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குத் தேவையானதை முன்கூட்டியே செய்து வைக்க வேண்டும்.

1. முதல் வாரத்திலேயே கட்டடத்தை நடந்து பாருங்கள்

அரை மணி நேரம் போதும். உங்கள் இருக்கையிலிருந்து புறப்பட்டு, வழக்கமாகப் போகாத படிக்கட்டு வழியாக வெட்டவெளி வரை இறங்குங்கள். பாதியில் நின்றுவிடாதீர்கள், உடைந்த பெஞ்சுகளும் பழைய விடைத்தாள் மூட்டைகளும் பெரும்பாலும் கடைசித் திருப்பத்தில்தான் கிடக்கும். தரைத்தளக் கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா, பூட்டு தொங்குகிறதா என்று கையால் தள்ளிப் பாருங்கள்.

திரும்பி வரும்போது படிக்கட்டுக்கும் உங்கள் அறைக்கும் இடையில் எத்தனை கதவுகள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். புகை நிறைந்தால் கண் உதவாது. குனிந்து, சுவரைத் தடவிக்கொண்டு கதவுகளை எண்ணித்தான் போக வேண்டியிருக்கும். அந்தத் தளத்தின் மெயின் சுவிட்ச் எங்கே, அதில் எது எந்த அறைக்கு என்று எழுதியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். தீ நேரத்தில் லிஃப்ட் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் பதற்றத்தில் கை அந்தப் பொத்தானுக்குத்தான் போகிறது. அதனால் வாரத்தில் ஒரு நாளாவது படியில் இறங்கிப் பழகுங்கள்.

பூட்டிய வழி, அடைத்த படிக்கட்டு எதைக் கண்டாலும் தேதியோடு படம் எடுத்து, கட்டடங்களைப் பராமரிக்கும் எஸ்டேட் அலுவலகத்துக்குத் துறைத்தலைவர் வழியாக இரண்டு வரிக் கடிதம் கொடுங்கள். நகலில் பெறப்பட்ட முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கிழக்குக் கதவைப் பற்றி நாங்கள் இரண்டு முறை நேரில் சொல்லியிருந்தோம். விசாரணையின்போது அதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

2. எண்களைச் சுவரில் ஒட்டுங்கள், என்ன சொல்வது என்பதையும் சேர்த்து

அனைத்து அவசரத்துக்கும் 112. ஆம்புலன்ஸ் 108, கட்டணம் இல்லை. தீயணைப்பு 101. காவல் 100. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. விடுதிச் சமையலறையிலோ சிற்றுண்டியகத்திலோ எரிவாயு கசிந்தால் 1906. அறுந்து விழுந்த மின்கம்பிக்கு மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987. மனம் உடைந்து தவிக்கும் மாணவருக்கு டெலி மானஸ் 14416, எந்நேரமும் எடுப்பார்கள். இவற்றோடு வளாக மருத்துவ மையம், பாதுகாப்பு அலுவலர், மின்பிரிவு ஆகியவற்றின் எண்களையும் சேர்த்து ஒரே தாளில் அச்சடித்து ஒவ்வொரு தொலைபேசிக்கும் மேலே ஒட்டுங்கள். கைப்பேசியில் பதிந்து வைத்தது, சார்ஜ் இல்லாத நாளில் உதவாது.

எண்களுக்குக் கீழே, அழைப்பவர் அப்படியே படிக்கும்படி முகவரியை எழுதி வையுங்கள். 'பல்கலைக்கழகத்தில் தீ' என்று சொன்னால் வண்டி முதன்மை வாயிலுக்குத்தான் வரும். எந்தச் சாலை, அந்தச் சாலையில் எந்த வாயில், வாயிலிலிருந்து எப்படித் திரும்ப வேண்டும், எத்தனையாவது தளம், என்ன எரிகிறது, உள்ளே ஆட்கள் இருக்கிறார்களா, திரும்ப அழைக்க எந்த எண் என்ற வரிசை வேண்டும். துறையின் சுருக்கப்பெயர் நமக்குத்தான் தெரியும். நிலைய அலுவலருக்குச் சாலையின் பெயரும் அருகிலுள்ள பஸ் நிறுத்தமும்தான் புரியும். எதிர்முனையில் இருப்பவர் வைத்த பிறகு நீங்கள் வையுங்கள். உடனே ஒருவரை அந்த வாயிலுக்கு அனுப்புங்கள். எந்த வாயில் வழியாகத் தீயணைப்பு வண்டி நுழைய முடியும் என்று பாதுகாப்பு அலுவலரிடம் இன்றே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். 101-ஐயோ 108-ஐயோ அழைக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. துறைத்தலைவரைத் தேடி, அவர் பதிவாளரைத் தேடி, அவர் கூட்டத்தில் இருந்து வெளியே வரும்வரை தீ காத்திருக்காது. முதலில் அழையுங்கள், பிறகு தெரிவியுங்கள்.

3. சாவியும் பெயர்ப்பட்டியலும்

வேலை நேரத்தில் வெளியேறும் வழியில் பூட்டே தொங்கக் கூடாது. முறையான ஏற்பாடு, உள்ளிருந்து நெஞ்சால் தள்ளினாலே திறந்துகொள்ளும் தள்ளுகம்பிக் கதவு; வெளியிலிருந்து யாரும் நுழைய முடியாது, உள்ளிருந்து சாவியும் வேண்டாம். திருட்டுப் பயத்தைக் காரணம் காட்டுகிறவர்களுக்கு இதுவே பதில். ஆனால் அதற்கு நிதி ஒதுக்க நாளாகும். அதுவரை ஒவ்வொரு வெளிவழிப் பூட்டுக்கும் மூன்று சாவிகள் வேண்டும்: ஒன்று அதே தளத்தில் கதவுக்கு அருகே கண்ணாடிப் பெட்டியில், ஒன்று துறை அலுவலகத்தில், ஒன்று காவலாளியிடம். நகல் எடுக்கச் சாவிக்கு ஐம்பது, நூறு ரூபாய் ஆகும். துறையின் சில்லறைச் செலவிலேயே முடித்துவிடலாம். பூட்டிலும் சாவியிலும் ஒரே நிறப் பெயின்ட்டால் ஒரு பொட்டு வையுங்கள். நடுங்கும் கைக்கு எழுத்தைவிட நிறம் சீக்கிரம் புரியும். கிழக்குக்குச் சிவப்பு, மாடிக்கு மஞ்சள் என்று நாங்கள் வைத்திருந்தோம். பூட்டை மாற்றும் நாளில் மூன்று சாவிகளையும் மாற்ற வேண்டும், மறந்துவிடுவது இங்கேதான்.

அடுத்தது பட்டியல். வெளியே வந்து மரத்தடியில் நின்ற பிறகு எழும் முதல் கேள்வி, 'எல்லோரும் வந்துவிட்டார்களா?' வகுப்பின் வருகைப்பதிவேட்டையும் தேர்வறையின் இருக்கை வரிசைத் தாளையும் கையோடு எடுத்து வந்தால் மாணவர்களை எண்ணிவிடலாம். யாருடைய பட்டியலிலும் இல்லாதவர்கள் ஒப்பந்தப் பணியாளர்கள். அன்றைக்கு எங்கள் கட்டடத்தில் துப்புரவுப் பணி செய்த இரண்டு அக்காக்கள் உள்ளே இருக்கிறார்களா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. அவர்கள் பின்பக்கம் பத்திரமாக இறங்கி நின்றிருந்தார்கள் என்பது இருபது நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த இருபது நிமிடமும் இரண்டு தீயணைப்பு வீரர்கள் புகைக்குள் அவர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இப்போது தளத்துக்கு ஒரு கரும்பலகை வைத்து, காலையில் பணிக்கு வருகிறவர் எந்த நிறுவனத்து ஆளாக இருந்தாலும் அதில் பெயர் எழுதுகிறார்.

பார்வையற்றவர், சக்கர நாற்காலியில் வருபவர், காது கேளாதவர் ஆகியோர் ஒவ்வொருவருக்கும் இரண்டு துணைவர்களை முன்பே முடிவு செய்யுங்கள். ஒருவர் விடுப்பில் இருப்பார். எப்படி உதவ வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள். பார்வையற்ற எங்கள் பேராசிரியர் ஒருவர், தம் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம், தோளைக் கொடுத்தால் தாமே பிடித்துக்கொண்டு வருவேன் என்றார். கேட்டிருக்காவிட்டால் நான் இழுத்துக்கொண்டுதான் ஓடியிருப்பேன். காது கேளாதவருக்கு மணி அடித்துப் பயனில்லை. விளக்கை அணைத்து அணைத்துப் போட வேண்டும், அல்லது தோளைத் தொட வேண்டும்.

4. தீயணைப்பு சிலிண்டரை ஒருமுறையாவது கையில் எடுங்கள்

வளாகங்களில் அதிகம் காண்பது இரண்டு. ஏ.பி.சி. பவுடர் சிலிண்டர், காகிதம், மரம், எண்ணெய், எரிவாயு எல்லாவற்றுக்கும் ஆகும். கரியமில வாயு சிலிண்டரில் கறுப்புக் குழல் இருக்கும். மின்சாதனங்களுக்கும் கணினி அறைக்கும் அதுதான் நல்லது. அதன் குழல் கடுமையாகக் குளிரும், வெறுங்கையால் குழலைப் பிடிக்காதீர்கள். மின்தீயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

கைப்பிடியைப் பூட்டியிருக்கும் பின்னை (ஊசியை) இழுப்பதற்குள் அதில் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் முத்திரை அறுபட வேண்டும். புதியவர்கள் கைப்பிடியை அழுத்திக்கொண்டே பின்னை இழுப்பார்கள், அது வராது. கைப்பிடியை விட்டுவிட்டு, வளையத்தைச் சற்றுத் திருகி இழுங்கள். பிறகு குழாயைச் சுவாலையை நோக்காமல் தீயின் அடிப்பகுதிக்குக் காட்டி, அழுத்தி, இடமும் வலமுமாக வீசுங்கள். 6 கிலோ பவுடர் சிலிண்டர் இருபது நொடிக்குள் தீர்ந்துவிடும். குப்பைக்கூடை அளவு தீக்குத்தான் அது. கூரையைத் தொட்ட தீயோடு போராடாமல் கதவைச் சாத்திவிட்டு வெளியேறுங்கள். எப்போதும் வெளிவழி உங்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும்.

மாதம் ஒருமுறை அழுத்தமானியின் முள் பச்சைக்குள் இருக்கிறதா என்று பார்த்துக் குறியுங்கள். கரியமில வாயு சிலிண்டரில் அந்த மானி இருக்காது, எடைபோட்டுத்தான் அறிய முடியும். பராமரிப்பு நிறுவனத்தாரிடம் எடையைக் கண் முன்னால் போடச் சொல்லுங்கள். தேதிச் சீட்டை மட்டும் மாற்றி ஒட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. மறுநிரப்பும் நாளில் பழைய சிலிண்டரைக் கொட்டிக் காலி செய்வதற்கு முன், புதிய பணியாளர்களை மைதானத்துக்கு அழைத்துச் சென்று அடித்துப் பழக விடுங்கள். தனிச் செலவு எதுவும் இல்லை.

பேட்டரி அறைக்கு ஒரு வார்த்தை. ஈய அமில பேட்டரிகள் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். அந்த அறையின் எக்சாஸ்ட் விசிறி ஓட வேண்டும், அங்கே அட்டைப்பெட்டிகளை அடுக்கக் கூடாது. எங்கள் அறையில் விசிறி நின்று மாதங்கள் ஆகியிருந்தன, அட்டைப்பெட்டிகளும் இருந்தன.

5. மழைக்கான வேலை செப்டம்பருக்குள் முடிய வேண்டும்

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் கைப்பேசியும் சேர்ந்தே நின்றுபோயின. ஆகவே 'அப்போது போன் செய்து பார்த்துக்கொள்ளலாம்' என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். வானிலை மையத்தின் சொற்களைப் பழகிக்கொள்ளுங்கள்: 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. தாண்டினால் கனமழை, 115.6-லிருந்து மிகக் கனமழை, 204.5-க்கு மேல் அதிகனமழை. மிகக் கனமழை என்று அறிவித்தாலே தரைத்தளத்தைக் காலி செய்யத் தொடங்குங்கள்.

முதலில் ஆய்வகம். சோடியம், கால்சியம் கார்பைடு போன்று தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும் பொருள்கள் தரைத்தளத்திலோ அடித்தட்டிலோ இருக்கவே கூடாது. அடுத்தது காகிதம். பீரோவின் கடைசித் தட்டில் இருப்பது எது என்று திறந்து பாருங்கள். பணிப்பதிவேடுகள், மாணவர்கள் ஒப்படைத்த அசல் சான்றிதழ்கள், மதிப்பெண் பதிவேடுகள் அங்கே இருந்தால் இன்றே மேலே ஏற்றுங்கள். வெள்ளத்தில் ஊறிய பதிவேடு இரண்டு பங்காகப் பருத்து, பீரோவுக்குள் இறுகிக்கொள்ளும். இழுத்தால் பதிவேட்டின் முதுகு அட்டை மட்டும் கையோடு வரும். அப்படி ஒன்றை நான் கையில் பிடித்திருக்கிறேன். அதில் முப்பது ஆண்டுப் பணி செய்த ஒருவரின் விடுப்புக் கணக்கு இருந்தது.

நனைந்த தாள்களைப் பிரிக்க முயலாதீர்கள், வெயிலில் போடாதீர்கள். இரண்டு நாளுக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். நிழலில், மின்விசிறிக் காற்றில், இடையிடையே அச்சில்லாத வெள்ளைத்தாள் வைத்து உலர்த்துங்கள். அளவு அதிகமாக இருந்தால் பிளாஸ்டிக் பைகளில் கட்டி உறைநிலைப் பெட்டியில் வைத்துவிட்டால், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உலர்த்த அவகாசம் கிடைக்கும்.

உங்கள் சொந்தச் சான்றிதழ்களைத் துறை அலுவலகத்தில் விட்டு வைக்காதீர்கள். ஸ்கேன் செய்து, அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரிலும் இன்னோர் இடத்திலும் வையுங்கள். தொலைந்துவிட்டால் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே தொலைந்த ஆவண அறிக்கையைக் கட்டணமின்றிப் பதிந்து பெறலாம். நகல் சான்றிதழ் கேட்கும் இடங்களில் இது உதவும்.

தண்ணீர் ஏறத் தொடங்கினால் மெயின் சுவிட்சை அணையுங்கள். ஆனால் தண்ணீரில் நின்றுகொண்டு அணைக்காதீர்கள். சிறிய ஜெனரேட்டரைக் கட்டடத்துக்குள் ஓட்டாதீர்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, ஆளைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். நிறுத்தியிருந்த கார் நீரில் மூழ்கியிருந்தால் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். உள்ளே புகுந்த நீரோடு சாவியைத் திருகினால் என்ஜின் உடையும். அந்தச் சேதத்தைத் தனி என்ஜின் பாதுகாப்பு எடுத்திருந்தால் தவிர வழக்கமான காப்பீடு ஏற்காது. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு எதுவுமே வராது.

விடுமுறை அறிவிப்பில் ஒரு குழப்பம் ஆண்டுதோறும் வருகிறது. மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பு பள்ளிகளுக்கு மட்டுமா, கல்லூரிகளுக்குமா என்று கடைசி வரை படியுங்கள். கல்லூரிக்கும் விடுமுறை என்றாலும் விடுதி, மின்பிரிவு, குடிநீர், பாதுகாப்புப் பணியாளர்கள் வர வேண்டியிருக்கும். உங்கள் பெயர் அந்த முறைப்பட்டியலில் உண்டா என்று அக்டோபருக்கு முன் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வர முடியாமல் போனால் அன்றே துறைத்தலைவருக்கு மின்னஞ்சல் அனுப்பி, ஆட்சியரின் அறிவிப்பை இணையுங்கள். இரண்டு மாதம் கழித்துத் தற்செயல் விடுப்பு கழிக்கப்பட்டதைக் கண்டு ஓடுவதைவிட இது எளிது.

6. மிரட்டல் மின்னஞ்சல் வந்தால்

அழிக்காதீர்கள், யாருக்கும் அனுப்பிப் பரப்பாதீர்கள். 100-க்கும் பாதுகாப்பு அலுவலருக்கும் சொல்லுங்கள். ஆளில்லாத பையை நகர்த்திப் பார்க்காதீர்கள். பொய்யாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்வது காவல்துறையின் வேலை.

7. ஆளுக்கு அடிபட்டால்

அமிலமோ காரமோ பட்டால் 15 முதல் 20 நிமிடம் ஓடும் தண்ணீர். நனைந்த உடையைக் கழற்ற வெட்கப்பட வேண்டாம். தீக்காயத்துக்கும் குழாய்த் தண்ணீர்தான், இருபது நிமிடம். பற்பசை, மை, மாவு எதுவும் வேண்டாம். எங்கள் உதவியாளரின் கையில் யாரோ அன்போடு பற்பசை தடவிவிட்டார்கள். மருத்துவமனையில் அதைச் சுரண்டி எடுக்கும்போது அவர் பட்ட பாட்டை வாசலில் நின்றே கேட்டேன். மின்சாரம் தாக்கியவரைத் தொடும் முன் மெயினை அணையுங்கள். மழைக்குப் பின் பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது கூடாது; கடிபட்டவரை நடக்க விடாமல், விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மூச்சின்றிச் சாய்ந்தவருக்கு மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு, 108 வரும்வரை நிறுத்தாமல் அழுத்துங்கள். படித்துத் தெரிந்துகொள்வது போதாது. செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அமைப்புகள் பயிற்சி தருகின்றன. பொம்மையின் மேல் ஒருமுறை அழுத்திப் பார்த்தால்தான் எவ்வளவு பலம் வேண்டும் என்று கைக்குத் தெரியும்.

8. அன்று மாலையே எழுத வேண்டிய காகிதங்கள்

மருத்துவமனையில் 'எப்படி நடந்தது' என்று கேட்பார்கள். உண்மையைச் சொல்லுங்கள். பெயர் கெடும் என்று பயந்து 'வீட்டில் அடுப்பில் சுட்டது என்று எழுதிவிடு' என்று யாராவது அறிவுரை சொல்வார்கள். எங்கள் உதவியாளரை அழைத்துப் போனவர் அப்படித்தான் சொல்லவைத்தார். ஒன்றரை ஆண்டுத் தாமதத்துக்கு அந்த ஒரு வரிதான் காரணம். அரசு மருத்துவமனை விபத்துப் பிரிவில் ஏ.ஆர். (ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர்) பதிவு போடுவார்கள், இடம், நேரம், காரணம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, பிறகு நகல் வாங்குங்கள்.

மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை உள்ள ஒப்பந்தப் பணியாளருக்கு இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீடு இருக்க வேண்டும். பணியில் நேர்ந்த காயத்துக்கு, சேர்ந்த முதல் நாளிலிருந்தே அது பொருந்தும். வேலைக்கு வர முடியாத நாள்களுக்கு ஊதியத்தில் 90 சதவீதம் கிடைக்கும். நிறுவனத்தின் விபத்துப் பதிவேட்டில் அன்றே பதிவு செய்ய வேண்டும், விபத்து அறிக்கை 24 மணி நேரத்துக்குள் போக வேண்டும். இ.எஸ்.ஐ. பிடித்தம் மட்டும் நடந்து எண் வழங்கப்படாமல் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். உங்கள் கட்டடத்தில் வேலை செய்யும் அக்காக்களுக்கும் அண்ணன்களுக்கும் இதை நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர்களுக்குச் சொல்ல வேறு ஆள் இல்லை. கூடவே வங்கியில் பிரதமரின் விபத்துக் காப்பீடு ஒன்று உண்டு. ஆண்டுக்கு 20 ரூபாய், 18 முதல் 70 வயது வரை, விபத்து மரணத்துக்கு 2 லட்சம். அது ஜூன் 1 முதல் மே 31 வரை செல்லும். மே கடைசியில் கணக்கில் அந்த 20 ரூபாய் இல்லாமல் போனால் காப்பீடும் போய்விடும்.

அன்று மாலையே ஒரு பக்கத்தில் நடந்ததை நேர வரிசையில் எழுதிக் கையெழுத்திடுங்கள். எப்போது புகை, எப்போது அழைப்பு, எப்போது வண்டி, யார் கதவைத் திறந்தார். கைப்பேசியின் அழைப்புப் பதிவைப் படமெடுத்து இணையுங்கள். இரண்டு நாள் போனால் ஆளுக்கொரு நேரம் சொல்வார்கள்.

9. பணம் கேட்பதற்கும் ஒரு பருவம் உண்டு

டார்ச், விசில், முதலுதவிப் பெட்டி, சாவி நகல், சாவிப்பெட்டி எல்லாம் துறையின் சில்லறைச் செலவில் அடங்கும். கதவு, மின்கம்பி, எச்சரிக்கை மணி போன்றவை அடங்காது. அடுத்த நிதியாண்டுக்கான மதிப்பீடு எங்கள் வளாகத்தில் நவம்பர், டிசம்பரில் தயாராகிறது. உங்கள் அலுவலகத்தில் எந்த மாதம் என்று கேட்டு, அதற்கு ஒரு மாதம் முன்பே விலைப்புள்ளியோடும் படங்களோடும் விண்ணப்பியுங்கள். மார்ச்சில் கேட்டால் நிதி இல்லை என்பார்கள், உண்மையிலேயே இருக்காது. தள்ளுகம்பிக் கதவுக்கு நாங்கள் தீ விபத்து நடந்த அதே மார்ச்சில் கேட்டோம், கோப்பு திரும்பி வந்தது. அக்டோபரில் மீண்டும் அனுப்பினோம். அடுத்த ஜூனில் கிழக்குப் படிக்கட்டில் பழைய கிரில்லை அறுத்து எடுத்துவிட்டுப் புதிய கதவைப் பொருத்தினார்கள்.